208 வோல்ட்டுக்கு ஒரு ஜாதகப் பொருத்தம்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. மிட்டேர்ம், பேப்பர் திருத்தறது, பனி அள்ளறதுன்னு ஆளை அமுக்கிடுச்சு. இன்னிக்கும் எழுதற மூட் இல்லைதான். ஆனா போன செவ்வாய்க்கிழமை லேப்ல ஒரு சின்ன விஷயம் நடந்தது. மூணு நாளா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. இங்க வந்து கொட்டிட்டா தேவலைன்னு தோணுது. பதிவு கொஞ்சம் நீளம், கொஞ்சம் டெக்னிக்கலும் கூட. எலக்ட்ரிக்கல்னு பார்த்ததும் தலைதெறிக்க ஓடற மக்கள் ஓட வேண்டாம். ஜாதகப் பொருத்தம்னா என்னன்னு தெரிஞ்சாப் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.

புதுசா வந்தவங்களுக்கு: நான் இங்கே அமெரிக்காவில் எம்.எஸ். பண்றேன். கட்டடத்துக்குள்ள கரன்ட் எப்படி வரணும், எப்படிப் பிரியணும் என்பதுதான் நம்ம ஏரியா. ஃபீஸ்ல கொஞ்சம் கழியறதுக்காக இளநிலை மாணவர்களுக்கு வாரம் ரெண்டு நாள் லேப் எடுக்கறேன். அங்க சொல்லித் தர்றது ரெவிட். கட்டடத்தைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே முப்பரிமாணத்தில் கட்டிப் பார்க்கும் மென்பொருள். சுவர், கதவு மட்டும் இல்லை. லைட், பிளக் பாயின்ட், ஹீட்டர், மின் பேனல் எல்லாத்தையும் வெச்சு, எது எந்தப் பேனல்ல இருந்து கரன்ட் எடுக்குதுன்னு இணைச்சும் விடலாம்.

அன்னிக்குக் கொடுத்த பயிற்சி ஒரு சின்ன கிளினிக். கடைசி வரிசையில் ஒரு மாணவி கையைத் தூக்கினாள். போய்ப் பார்த்தேன்.

"இந்த வாட்டர் ஹீட்டரைப் பேனல்ல இணைக்கவே முடியலை. லிஸ்ட்ல அந்தப் பேனல் பேரே வரலை. அப்புறம் ஹீட்டரோட ஃபேமிலியைத் திறந்து, 240னு இருந்த வோல்டேஜை 208னு மாத்தினேன். இப்ப இணையுது. ஓகேதானே?"

முகத்துல அவ்வளவு சந்தோஷம். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரலை. ஏன்னா இதே 240ஐ, இதே 208ஆ மாத்தி, இதே சந்தோஷத்தோட நானும் பண்ணியிருக்கேன். அது லேப் பயிற்சி இல்லை. ஆளுங்க குடியிருக்கப் போற கட்டடம்.

*

முதல்ல அந்த செட்டிங்ஸ் விண்டோவைப் பத்திச் சொல்லிடறேன். தெரிஞ்சவங்க அடுத்த நட்சத்திரத்துக்குத் தாவிடலாம்.

ரெவிட்ல எலக்ட்ரிக்கல் செட்டிங்ஸ்னு ஒண்ணு இருக்கு. திறந்தா இடது பக்கம் ஒரு பட்டியல். அதுல ரெண்டு விஷயம்தான் நம்ம கதைக்கு முக்கியம். ஒண்ணு வோல்டேஜ் டெஃபினிஷன்ஸ், இன்னொண்ணு டிஸ்ட்ரிபியூஷன் சிஸ்டம்ஸ்.

முதல் அட்டவணையில் ஒவ்வொரு வோல்டேஜுக்கும் நாலு கட்டம்: பெயர், மதிப்பு, குறைந்தபட்சம், அதிகபட்சம். எங்க லேப் டெம்ப்ளேட்ல 120க்கு 110 முதல் 130 வரை. 208க்கு 200 முதல் 220. 240க்கு 220 முதல் 250. 480க்கு 460 முதல் 490.

ரெண்டாவது அட்டவணையில், இந்தக் கட்டடத்துக்குக் கரன்ட் எந்த ரூபத்தில் வருதுன்னு சொல்லணும். ஒரு ஃபேஸா மூணு ஃபேஸா, வையா டெல்டாவா, எத்தனை வயர், லைனுக்கும் லைனுக்கும் நடுவே எத்தனை வோல்ட், லைனுக்கும் கிரவுண்டுக்கும் எத்தனை வோல்ட். இங்க வைன்னு சொல்றது வேற ஒண்ணும் இல்லை, நாம காலேஜ்ல ஸ்டார்னு படிச்சதுதான். ஸ்டார்ல லைன் வோல்டேஜ், ஃபேஸ் வோல்டேஜை விட 1.732 மடங்கு. அதனாலதான் 120க்கு ஜோடி 208, 277க்கு ஜோடி 480, நம்ம ஊர் 230க்கு ஜோடி 400.

இதெல்லாம் எதுக்கு? பொருத்தம் பார்க்க. நீங்க வெச்ச ஹீட்டர் 240 வோல்ட்னு சொல்லுது. பேனல் 208/120 சிஸ்டம்னு சொல்லுது. 208ஓட எல்லை 220லேயே முடிஞ்சு போச்சு, 240 அதுக்குள்ள வரலை. ரெவிட் உடனே கையை விரிச்சுடும். சண்டை போடாது, சிவப்பு விளக்கு எரியாது. லிஸ்ட்ல அந்தப் பேனலோட பேரே இருக்காது, அவ்வளவுதான். பொண்ணு வீட்டுக்காரங்க "யோசிச்சுச் சொல்றோம்"னு சொல்லிட்டு அப்புறம் போனே எடுக்காத மாதிரி.

எதுக்கு ஒரே நம்பரா இல்லாம எல்லைன்னு ஒண்ணு வெச்சிருக்கான்னு கேட்கலாம். நல்ல கேள்வி. 480 வோல்ட் சிஸ்டத்துல ஓடற மோட்டாரோட நேம்பிளேட்டைப் போய்ப் பாருங்க, 460னு போட்டிருக்கும். 120 வோல்ட் சிஸ்டத்துக்கான மோட்டார்ல 115. தப்பா அடிக்கலை. டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து மோட்டார் வரைக்கும் வர்ற வழியில கம்பி கொஞ்சம் வோல்டேஜைத் தின்னுடும். அதுக்கு இடம் விட்டுத்தான் மோட்டாரைச் செய்யறாங்க. அந்த 460 இணையணும்னா எல்லை 460ல இருந்து தொடங்கணும். ஆக அந்தக் கட்டத்துல இருக்கற நம்பர் யாரோ சும்மா அடிச்சது இல்லை.

இந்த எல்லைக்கு இன்னொரு பழைய கதையும் உண்டு. 1995க்கு முன்னாடி பிரிட்டன்ல 240 வோல்ட், ஐரோப்பாவில் பல நாடுகளில் 220. ரெண்டையும் ஒண்ணாக்கி 230னு அறிவிச்சாங்க. அதுக்காக பிரிட்டன்ல இருந்த டிரான்ஸ்ஃபார்மரை எல்லாம் கழட்டி மாட்டினாங்களா? இல்லை. 230க்கு மேல 10 சதவீதம், கீழ 6 சதவீதம்னு எல்லையை வகுத்தாங்க. கணக்குப் பார்த்தா 216ல இருந்து 253 வரை. பழைய 240 அதுக்குள்ள ஜம்முனு உட்கார்ந்துக்கிச்சு. காகிதத்துல மட்டும் நம்பர் மாறிச்சு, கம்பியில கரன்ட் எப்பவும் போல ஓடிச்சு.

இதையெல்லாம் புஸ்தகத்துல படிக்காமலே தெரிஞ்சவங்க நம்ம ஊர்ல நிறையப் பேர். எங்க அம்மாவுக்குத் தெரியும். சாயங்காலம் ஏழு மணிக்கு மிக்ஸி போட்டா சுத்தாது, "லோ வோல்டேஜ், அப்புறம் அரைச்சுக்கலாம்"பாங்க. ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துல ஸ்டெபிலைசர் முள் எங்க நிக்குதுன்னு பார்த்துட்டுத்தான் படுக்கப் போவாங்க. வோல்டேஜ்ங்கறது ஒரு நம்பர் இல்லை, ஒரு எல்லைன்னு அவங்களுக்கு யாரும் கிளாஸ் எடுக்கலை.

*

சரி, என் கதைக்கு வருவோம்.

பி.இ. முடிச்சுட்டு இங்க வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் சென்னையில் ஒரு ஆபீஸ்ல இருந்தேன். அமெரிக்கக் கட்டடங்களுக்கு இங்கிருந்து ரெவிட் மாடல் போட்டுக் கொடுக்கற வேலை. சென்னை, கோயம்புத்தூர்ல இந்த மாதிரி ஆபீஸ் நிறைய இருக்கு, உங்கள்லயே சில பேர் வேலை பார்த்திருப்பீங்க. 480 வோல்ட் பேனலைக் கண்ணால பார்க்காதவன் நாள் முழுக்க 480 வோல்ட் பேனலை வெச்சுட்டே இருப்பான். அமெரிக்க பிளக்குல மூணு ஓட்டை எப்படி இருக்கும்னே கூகிள்ல பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

அப்போ 64 வீடுகள் உள்ள ஒரு அபார்ட்மென்ட் வந்தது. வீட்டுக்கு வீடு ஒரு வாட்டர் ஹீட்டர், 4500 வாட். கொடுத்திருந்த ஃபேமிலி 240 வோல்ட். வீட்டுப் பேனல் 208/120. இணையலை.

ஏன் இணையலைன்னு இப்ப எனக்குத் தெரியும். இங்க தனி வீடுகளுக்கு ஒற்றை ஃபேஸ்ல 120/240தான் வரும். அதனால வீட்டுச் சாமான்கள் பெரும்பாலும் 240க்குத்தான் செய்யப்பட்டிருக்கும். ஆனா பெரிய அபார்ட்மென்ட்களுக்குப் பல இடங்கள்ல மூணு ஃபேஸ் வருது, ஒவ்வொரு வீட்டுக்கும் அதுல ரெண்டு ஃபேஸ் பிரிச்சுக் கொடுப்பாங்க. ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல 208தான் கிடைக்கும். யாரோ தனி வீட்டு ஹீட்டரை அபார்ட்மென்ட்டுக்குத் தேர்ந்தெடுத்திருக்காங்க. ரெவிட் அதைத்தான் தன் பாஷையில சொல்லிச்சு.

அன்னிக்கு எனக்கு அந்த பாஷை புரியலை. வெள்ளிக்கிழமை. சாயங்காலம் மாடல் போகணும். கேள்வி கேட்டு அனுப்பினா அங்க ராத்திரி, பதில் திங்கட்கிழமைதான் வரும். அதுவும் போக, வாரா வாரம் எத்தனை கேள்வி அனுப்பினோம்னு ஒரு எக்செல் ஷீட் உண்டு. நம்பர் ஏறினா மீட்டிங்ல ஒரு மாதிரி பார்ப்பாங்க. டீம் லீடைக் கேட்டேன். நல்ல மனுஷன், பாவம் அவருக்கும் நாலு மாடல் தலைக்கு மேல. "எப்படியாச்சும் கனெக்ட் பண்ணிடுப்பா"ன்னார்.

பண்ணிட்டேன். ஃபேமிலியைத் திறந்து 240ஐ அழிச்சு 208. பத்து செகண்ட் வேலை. 64 ஹீட்டரும் சமத்தா இணைஞ்சது. பேனல் ஷெட்யூல்ல 4500, 4500னு அழகா வந்து நின்னுது. சேவ் பண்ணிட்டு டீ குடிக்கப் போனேன்.

இப்ப பள்ளிக்கூடத்துக் கணக்கு. ஹீட்டர் ஒரு சாதாரண ரெசிஸ்டன்ஸ். 240 வோல்ட்டுக்கு 4500 வாட்னா அதோட ரெசிஸ்டன்ஸ் 12.8 ஓம். அதுக்கு 208 வோல்ட் கொடுத்தா 16.25 ஆம்பியர்தான் போகும். பவர் 3380 வாட். அதாவது முக்கால்வாசி. 190 லிட்டர் தொட்டியை 10 டிகிரியில இருந்து 50 டிகிரிக்குச் சூடாக்க, கசிவெல்லாம் கணக்கில் எடுக்காமலே, 4500 வாட்ல கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம். 3380ல ரெண்டு மணி முப்பத்தேழு நிமிஷம். ஜனவரி மாசத்துல, வெளியே எல்லாம் உறைஞ்சு கிடக்கறப்போ, ரெண்டாவதா குளிக்கப் போறவர் யாரைத் திட்டுவார்னு யோசிச்சுப் பாருங்க.

கஷ்டம் என்னன்னா, இந்தத் தப்புல ஃப்யூஸ் போகாது, பிரேக்கர் டிரிப் ஆகாது, புகை வராது. கரன்ட் குறையத்தானே குறையுது! யாருக்கும் தெரியாது. தலைகீழா நடந்திருந்தா இன்னும் மோசம். 208க்குச் செஞ்ச 4500 வாட் ஹீட்டரை 240ல மாட்டினா அது கிட்டத்தட்ட 5990 வாட் இழுக்கும். மூணுல ஒரு பங்கு கூடுதல், மணிக்கணக்கா. அதுல என்ன சூடாகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்க விஷயத்தைக் கண்டுபிடிச்சது யாரோட சாஃப்ட்வேரும் இல்லை. சைட்ல மூணாவது மாடி வரைக்கும் ஹீட்டர் மாட்டின பிறகு, சோதனைக்கு வந்த ஒரு டெக்னீஷியன் கம்பியைச் சுத்தி கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்திருக்கார். நம்ம ஊர் வயர்மேன் பாஷையில டாங் டெஸ்டர். ஷெட்யூல் கணக்குப்படி 21க்கு மேல வரணும். மீட்டர்ல 16. அங்கிருந்து நூல் பிடிச்சு, கடைசியில் ஃபேமிலி எடிட் ஹிஸ்டரி வரைக்கும், அதாவது என் வரைக்கும் வந்தாங்க.

மாட்டின ஹீட்டர்களுக்கு எலிமென்ட் மாத்தினாங்க, மாட்டாததுக்கு ஆர்டரை மாத்தினாங்க. எங்களுக்கு ஒரு ரிப்போர்ட் வந்தது. தவறின் வகை என்ற கட்டத்துல எழுதியிருந்தது: டிராஃப்டிங் எரர். டீம் லீட் தோள்ல கை போட்டு, "விடுப்பா, டிராஃப்டிங் எரர்தானே, இன்ஜினியரிங் எரர் இல்லையே"ன்னு ஆறுதல் சொன்னார்.

அந்த வார்த்தைதான் இன்னிக்கு வரைக்கும் உறுத்துது.

*

டிராஃப்டிங் எரர்னா என்ன? கோட்டை கோணலாப் போடறது. 3னு எழுத வேண்டிய இடத்துல 8னு எழுதறது. நான் பண்ணினது அது இல்லை. ரெண்டு சாமான் ஒத்துப்போகலைன்னு மென்பொருள் சொல்லிச்சு. அதுல எது தப்பு, ஹீட்டரா பேனலா, யாரை மாத்தணும்னு ஒரு முடிவு எடுக்க வேண்டிய இடம். நான் முடிவு எடுத்தேன். முடிவு எடுக்கறோம்னு தெரியாமலே எடுத்தேன். அது பச்சையான இன்ஜினியரிங் முடிவு. அதை எடுக்க எனக்கு அதிகாரமும் இல்லை, அறிவும் இல்லை. ஆனா மவுஸ் என் கையில இருந்தது.

கல்யாணத் தரகர் உதாரணம் சொல்றேன்னு சொன்னேன் இல்லையா. ஜோசியர் ரெண்டு ஜாதகத்தையும் வாங்கிப் பத்துப் பொருத்தம் பார்ப்பார். அவர் பார்க்கறது கட்டம் கட்டத்தோட சேருதாங்கறது. கட்டத்துல எழுதியிருக்கற பிறந்த நேரம் நிஜமாங்கறது அவர் வேலை இல்லை. "ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு"ன்னு நம்ம ஊர்ல ஒரு சொலவடை இருக்கே, அதை நம்பி யாராவது பிறந்த நேரத்தைத் திருத்திக் கொடுத்தா, ஜோசியர் "பேஷ், ஒன்பது பொருத்தம்"னு சொல்லத்தான் செய்வார். அவர் மேல தப்பு இல்லை. ஜாதகத்தைத் திருத்தலாம். பிள்ளை பிறந்த நேரம் மாறாது.

ரெவிட்டும் அந்த ஜோசியர்தான். பொருத்தம் பார்க்கும், உண்மை பார்க்காது. நான் 240ஐ அழிச்சு 208 போட்டது பிறந்த நேரத்தைத் திருத்தின கதை. கம்ப்யூட்டர்ல கல்யாணம் நடந்துடுச்சு. கம்பெனியில செஞ்ச ஹீட்டருக்குள்ள இருக்கற எலிமென்ட் அதே 12.8 ஓம்லதான் இருந்தது.

இதுதான் நான் சொல்ல வர்றது: எலக்ட்ரிக்கல் செட்டிங்ஸ் விண்டோவை ஃபாரம் நிரப்பற வேலைன்னு நினைக்கறது தப்பு. அதுதான் வடிவமைப்போட முதல் பக்கம். அங்க ஒரு கட்டம் இணைய மறுக்குதுன்னா அது இடைஞ்சல் இல்லை, தகவல். அந்தத் தகவலை அழிச்சுட்டு மேலே போறதை நாம "ஃபிக்ஸ் பண்ணிட்டேன்"னு சொல்றோம்.

வோல்டேஜ் மட்டும் இல்லை. அதே விண்டோவிலும் அதோட ஒட்டின இடங்களிலும் இன்னும் என்னென்னவோ அமைதியா உட்கார்ந்திருக்கு. எங்க டெம்ப்ளேட்ல பிளக் பாயின்ட் லோடுக்கு டிமாண்ட் ஃபேக்டர் முதல் 10 கேவிஏ முழுசா, அதுக்கு மேல இருக்கறதுல பாதி. அதாவது 40 கேவிஏ பிளக் பாயின்ட் இருந்தா கணக்கில் வர்றது 10 கூட்டல் 15, மொத்தம் 25. எல்லாரும் ஒரே நேரத்துல எல்லா பிளக்கையும் உபயோகிக்க மாட்டாங்கன்னு, வீடு அல்லாத கட்டடங்களுக்கு அமெரிக்க மின் விதியான என்இசி கொடுக்கற சலுகை அது. புதுசா ஒரு சர்க்யூட் போட்டா தானா 20 ஆம்பியர்னு விழும், அதுவும் அமெரிக்கப் பழக்கம். இப்ப இதே டெம்ப்ளேட்டை எடுத்து ஒருத்தர் மதுரையில ஒரு ஆஸ்பத்திரிக்குப் போடறார்னு வெச்சுக்கங்க. ஃபேஸ் பேரை ஏ, பி, சியில இருந்து ஆர், ஒய், பிக்கு மறக்காம மாத்திடுவார், ஏன்னா அது டிராயிங்ல கண்ணுக்குத் தெரியும். வோல்டேஜையும் மாத்திடுவார், ஏன்னா மாத்தலைன்னா இணையாது. அந்தப் பத்து கேவிஏ விதி? அது யாரையும் தடுக்காது, எதையும் கேட்காது. அமெரிக்கச் சட்டம் விசா இல்லாம மதுரைக்குள்ள வந்து உட்கார்ந்துக்கும்.

இணையாத செட்டிங் நல்லது, அது கத்தி ஊரைக் கூட்டிடும். இணையற செட்டிங்தான் ஆபத்து.

*

இதை என் ரூம்மேட்கிட்ட சொன்னப்போ மூணு ஆட்சேபணை சொன்னான். நியாயமா மூணுக்கும் பதில் சொல்லணும்.

ஒண்ணு: "டெம்ப்ளேட்டே நேரம் மிச்சம் பண்ணத்தானே? ஒவ்வொரு கட்டத்தையும் யோசிச்சா வேலை எப்ப முடியும்?" ஒத்துக்கறேன். டெம்ப்ளேட் இல்லாம ஒரு ஆபீஸும் ஓடாது. வேற நாடுகளுக்கான டெம்ப்ளேட்டும் கிடைக்குது, ஒவ்வொரு ஆபீஸும் தனக்குன்னு ஒண்ணு வெச்சிருக்கு. நான் ஒவ்வொரு தடவையும் எல்லாத்தையும் யோசிக்கச் சொல்லலை. டெம்ப்ளேட்ல இருக்கற நம்பர் யாரோ ஒருத்தர் ஒரு ஊருக்காக எடுத்த முடிவு. அந்த ஊர் இதுதானான்னு ஒரே ஒரு தடவை, முதல் நாள், கேட்கச் சொல்றேன்.

ரெண்டு: "கடைசியில கையெழுத்துப் போடறது லைசென்ஸ் வெச்சிருக்கற இன்ஜினியர். பொறுப்பு அவருக்கு. உனக்கென்ன?" சட்டப்படி சரி. இங்க டிராயிங்ல ப்ரொஃபஷனல் இன்ஜினியர் முத்திரை விழணும், அவர் மேற்பார்வையில வேலை நடந்திருக்கணும். ஆனா யோசிச்சுப் பாருங்க. ஹீட்டரும் பேனலும் ஒத்துப்போகலைங்கறது தெரிஞ்ச ஒரே ஆள் நான். அவர் கைக்குப் போறப்போ எல்லாம் 208, எல்லாம் பொருத்தம். அவர் பார்க்க வேண்டிய தடயத்தை நானே துடைச்சு அனுப்பிட்டேன். துடைச்ச வீட்டுல வந்து போலீஸ் என்ன கண்டுபிடிக்கும்? அவர் தேர்ந்தெடுத்த ஹீட்டர்ல தப்பு இருந்தது உண்மைதான். அதைக் காட்டிக் கொடுக்கற ஒரே மணியை நான் அமுக்கினதும் உண்மைதான்.

மூணு: "சாஃப்ட்வேர் இன்னும் கெட்டிக்காரத்தனமா எச்சரிக்கை கொடுத்தா போச்சு." கொடுக்கலாம். ஆனா நான் எங்கேயும் பொருந்தாத எதையும் விட்டு வைக்கலையே, எதைப் பார்த்து எச்சரிக்கும்? ஹீட்டர் பெட்டியைப் பிரிச்சு எலிமென்ட்டைப் பார்க்க அதுக்குக் கண்ணு கிடையாது.

எங்க சித்தப்பா ஊர்ல வயர்மேன். எட்டாம் கிளாஸ்தான். சின்ன வயசுல அவர் கூட டூல் பேக் தூக்கிட்டுப் போவேன். மெயின் ஆஃப் பண்ணியாச்சுன்னு வீட்டுக்காரர் சத்தியம் பண்ணினாலும் டெஸ்டர் வெச்சுப் பார்க்காம கம்பியைத் தொட மாட்டார். "ஆளு சொல்றது வேற, கம்பி சொல்றது வேறடா"ம்பார். அவருக்கு ரெவிட் தெரியாது. ஆனா அந்த வெள்ளிக்கிழமை என் சீட்ல அவர் உட்கார்ந்திருந்தா, "ஏன் சேர மாட்டேங்குது?"ன்னு ஒரு கேள்வி கேட்டிருப்பார். அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் எனக்கு பி.இ. பட்டம் கொடுத்தாங்க. கேட்டா எக்செல் ஷீட்ல நம்பர் ஏறும்னு நான் பயந்தேன்.

அதனால என் கோபம் மென்பொருள் மேல இல்லை, அந்த ஷீட் மேலதான். கேள்வி கேட்கறதைத் தப்புக் கணக்கில் எழுதற ஆபீஸ்ல, பசங்க கேள்வி கேட்காம இருக்கக் கத்துக்குவாங்க. "எப்படியாச்சும்"ங்கற வார்த்தையோட விலை 64 வீட்டுல தெரிஞ்சது.

*

சரி, செவ்வாய்க்கிழமைக்குத் திரும்புவோம். அந்த மாணவி இன்னும் என் பதிலுக்குக் காத்துட்டு இருந்தாள்.

"முதல்ல 240க்கே திருப்பி மாத்து"ன்னேன். முகம் சுண்டிப் போச்சு. பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஹீட்டர் தயாரிப்பாளரோட விவரத்தாளைத் திறக்கச் சொன்னேன். கட்டடத்துக்கு என்ன சப்ளை வருதுன்னு பயிற்சித் தாள்ல தேடச் சொன்னேன். 208/120, மூணு ஃபேஸ். விவரத்தாள்ல கீழ போனா, அதே ஹீட்டர் 208 வோல்ட் எலிமென்ட்டோடவும் கிடைக்குதுன்னு ஒரு வரி. அதோட மாடல் நம்பர் வேற. அவளே கண்டுபிடிச்சாள். ஷெட்யூல்ல மாடல் நம்பரை மாத்தினாள். அப்புறம் ஃபேமிலியைத் திறந்து 240ஐ அழிச்சு 208னு அடிச்சாள். இணைஞ்சது.

"நான் முதல்ல பண்ணினதும் இதேதானே?"ன்னு கேட்டாள்.

அதே கட்டம், அதே மூணு எழுத்து. ஃபைல் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா அந்தக் கட்டத்துல வித்தியாசமே தெரியாது. முதல் தடவை அது பொய், ரெண்டாவது தடவை நிஜம். இதை எப்படி மார்க் போட்டுத் திருத்தறது?

அதைத்தான் புரொஃபசர்கிட்ட போய்க் கேட்டேன். இப்ப எங்க மார்க் திட்டத்துல நூறும் முடிவுக்குத்தான். பேனல் ஷெட்யூல் வந்ததா, எல்லாம் இணைஞ்சிருக்கா, டிராயிங் சுத்தமா இருக்கா. அந்த மாணவியோட முதல் விடைக்கும் ரெண்டாவது விடைக்கும் ஒரே மார்க். நான் கேட்டது பத்து மார்க். ரெவிட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தாள்: கட்டடத்துக்கு வர்ற சப்ளை என்ன, யார் சொன்னது, பெரிய சாமான் ஒவ்வொண்ணோட நேம்பிளேட் என்ன, எது எதோட ஒத்துப்போகலை, அதுக்கு என்ன பண்ணினே. ஒத்துப்போகாததைப் பட்டியல் போட்டா மார்க். பட்டியல் காலியா இருந்தா, ஏன் காலின்னு ஒரு வரி எழுதணும்.

அவர் கொஞ்ச நேரம் யோசிச்சார். செமஸ்டர்ல நேரம் பத்தாது, பசங்க ஏற்கனவே திணர்றாங்கன்னார். அதுவும் நியாயம்தான். அப்புறம், "ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடு, அடுத்த செமஸ்டருக்குப் பார்க்கலாம்"னார். திங்கட்கிழமை கொடுக்கணும். ஒரு பக்கம் கேட்டார், நான் இங்க எட்டுப் பக்கம் அடிச்சு வெச்சிருக்கேன். இதுல எதை வெட்டறதுன்னுதான் இப்ப யோசனை. அந்த அபார்ட்மென்ட் கதையைப் போடலாமா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணலை. போட்டா என் மானம் போகும். போடலைன்னா மிச்சம் இருக்கறது வெறும் உபதேசம்.

நீங்களே சொல்லுங்க.

டிஸ்கி 1: இதே வேலையில இருக்கற சென்னை, கோவை மக்கள்ஸ், உங்க ஆபீஸ்லயும் அந்த எக்செல் ஷீட் உண்டான்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. பேர் வேண்டாம்.

டிஸ்கி 2: நேத்து போன்ல சித்தப்பாகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அந்த டாங் டெஸ்டர் வெச்சிருந்த ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தியா?"ன்னார். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது சித்தப்பா.